குப்பி வகுப்பும் தலையில் மாட்டும் கண்ணாடியும்

திங்கட்கிழமைதான் எனக்கு லீவு. அன்றைக்குப் பார்த்து மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு என்று ஒரு கடிதம் வந்தது. வழக்கமாய் இப்படிக் கடிதம் வந்தால் நான் குசினியில் வேலை முடித்து இரவு வந்து, அவள் தூங்கமுதல் பிடித்து வைத்து வாசிக்கச் சொல்லுவேன். அவளும் தனக்கு வசதியானதை மட்டும் மொழிபெயர்ப்பாள். (“உங்கட பிள்ளை வகுப்பில கூடக் கதைக்கிறா” என்ற வரியெல்லாம் எங்கட வீட்டுக்கு ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை.) இந்தமுறை நான் கைத்தொலைபேசியில் படம் எடுத்து சாட்ஜிபிடியிடம் கொடுத்தேன். பத்துச் செக்கனில் தமிழில் வந்தது: “அன்புள்ள பெற்றோர்களே, உங்கள் மகளின் கல்லூரியில்…”

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எங்கே கல்லூரி! பிரெஞ்சில் ‘கொலேஜ்’ என்பது இங்கே நடுத்தரப் பள்ளிக்கூடம். பாரிசில் இருக்கிற எந்தத் தமிழ்ச் சனத்துக்கும் தெரியும், மெஷினுக்குத் தெரியவில்லை. சரி, அதை விடுங்கோ. கடிதத்தின் விசயம் இதுதான். பிள்ளைகள் கூட்டாகக் கற்பதற்குச் செயற்கை நுண்ணறிவையும் மெய்நிகர் கண்ணாடியையும் ஆசிரியர்கள் எப்படிப் பாவிக்கிறார்கள் என்று காட்டப்போகிறார்கள், பெற்றோரும் வந்து போட்டுப் பார்க்கலாம்.

கூட்டுக் கற்றல். வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கட கம்பஸில் இதுக்கு ஒரு சொல் இருந்தது. குப்பி.

2003 இல் நான் பேராதனைக்குப் போனேன். சமாதான காலம். ஏ9 பாதை திறந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ் ஏறி, விஞ்ஞான பீடத்தில் பதிந்து, அருணாசலம் விடுதியில் இடம் கிடைத்தது. முதல் கிழமை ஒரு சீனியர் அண்ணை வந்து, “டேய், இரவைக்குக் குப்பி இருக்கு, எல்லாரும் கட்டாயம் வரவேணும்” என்றார். எனக்குக் கைகால் விறைத்துவிட்டது. நான் பதின்மூன்று வயதுவரை பார்த்த குப்பி வேறு. அது ஆக்களின் கழுத்தில் கறுப்பு நூலில் தொங்கியது. அது ஏன் தொங்குகிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். இவர் என்ன இவ்வளவு சத்தமாகச் சொல்லுகிறார் என்று நான் அவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் விளங்கிக்கொண்டு சிரித்தார். “அதில்லையடா மடையா. விளக்குக் குப்பி.”

இலங்கைக் கம்பஸ்களில் படித்த எல்லாருக்கும் இது தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். குப்பி விளக்கைச் சுற்றி இருந்து படித்த காலத்தில் வந்த பெயர் என்பார்கள். கரண்ட் வந்தபிறகும் பெயர் மாறவில்லை. பாடம் விளங்கினவன் விளங்காதவனுக்கு இரவில் சொல்லிக் கொடுப்பது. காசு இல்லை, வரவு இடுவதும் இல்லை. விரிவுரை முழுக்க ஆங்கிலம், நாங்கள் தமிழில் சோதினை எழுதிப் போனவர்கள். குப்பி இல்லாவிட்டால் முதல் வருடமே மூட்டை கட்டியிருப்போம்.

என்னுடைய நல்ல குப்பி ஒரு குருநாகல் பெடியனோடு நடந்தது. அவனுக்கு ஆங்கிலம் நல்லாய் ஓடும், தொகையீடு என்றால் ஓடித் தப்புவான். எனக்கு மறுவளம். அவன் பௌதிகப் புத்தகத்தை வாசித்து விளங்கப்படுத்துவான், நான் கணக்குச் செய்து காட்டுவேன். எனக்குச் சிங்களம் தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. இடையில் இருந்தது என்னுடைய உடைந்த ஆங்கிலம் மட்டும். ஆனால் ஒன்று சொல்லவேணும். தொகையீடு என்றால் என்ன என்று எனக்கே விளங்கினது அவனுக்குச் சொல்லிக் கொடுத்த இரவில்தான். அதுவரைக்கும் நான் சூத்திரம் பாடமாக்கி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

2006 கடைசியில் எங்கட பெடியன் ஒருவனை இரவில் வந்து கொண்டுபோனார்கள். அடுத்த மாதம் நான் கொழும்பில். அதுக்கு அடுத்த வருடம் பாரிசில் கோப்பை கழுவினேன். மூன்று வருடப் படிப்பு, பட்டம் இல்லை. இப்போது அந்தக் கணிதம் எனக்கு எண்பது பேருக்குச் சோஸ் அளவு பார்க்க உதவுகிறது.

அதுக்கும் முந்தினது ஜாம் போத்தல் விளக்கு. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் விலை கேட்டால் தலை சுத்தும். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனைய எண்ணெய், மூடியில் துளை போட்டு ஒரு திரி. ஒரு வீட்டில் ஒரு விளக்குத்தான் எரியும். அதனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேரும் ஒரு விளக்கைச் சுற்றித்தான் இருப்போம். புத்தகமும் ஒன்றுதான். வாசிக்கிறவனுக்கு நேராக இருக்கும், எதிரில் இருந்த எனக்குத் தலைகீழ். இப்போதும் தலைகீழாக இருக்கிற எழுத்தை நான் கெதியாய் வாசிப்பேன். குசினியில் ஓடர் துண்டை ஷெஃப் தன் பக்கம் வைத்திருக்கும்போதே நான் இந்தப் பக்கத்தில் இருந்து வாசித்துவிடுவேன். இல்லாமையைப் புகழ்ந்து கதைக்க நான் வரவில்லை. அந்தக் காலம் யாருக்கும் வரவேண்டாம். ஆனால் எங்களை ஒன்றாக இருத்தினது வறுமைதான், ஒற்றுமை இல்லை. விளக்கு நாலு இருந்திருந்தால் நாங்களும் நாலு மூலைக்குப் போயிருப்போம்.

மகளின் விசயத்துக்கு வாறேன். இந்தக் கடிதம் வருவதற்கு இரண்டு மாதம் முந்தி வீட்டில் ஒரு பிரளயம் நடந்தது. அவள் இப்போது கத்ரியெம். (இங்கே வகுப்புகளைக் கீழ்நோக்கி எண்ணுவார்கள். எங்கட கணக்குக்கு எட்டாம் வகுப்பு.) வரலாற்றுப் பாடத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு கட்டுரை செய்து வகுப்பில் பேசவேண்டும். தலைப்பு, பதினெட்டாம் நூற்றாண்டில் நடந்த அடிமை வியாபாரம். நாந்து, போர்தோ துறைமுகங்களில் இருந்து கப்பல் போனது, ஆபிரிக்கக் கரை, அத்திலாந்திக் கடல், கரீபியன் தீவுகளில் கரும்புத் தோட்டம் என்று நாலு பகுதி. நாலு பிள்ளைகளும் நாலு வீட்டில் இருந்து ஆளுக்கொரு தரம் சாட்ஜிபிடியைக் கேட்டு, வந்ததை ஒட்டி, காலையில் பள்ளிக்கூட வாசலில் வைத்து ஒன்றாக்கி இருக்கிறார்கள். நாலு பகுதியும் ஒரே மாதிரித் தொடங்கி ஒரே மாதிரி முடிந்தது. ஒருத்தியின் பகுதியைப் பற்றி மற்றவனைக் கேட்டால் தெரியாது. தன்னுடையதைக் கேட்டாலும் தெரியாது. ரீச்சர் நாலு பேருக்கும் முட்டை போட்டு, இரண்டு கிழமையில் திருப்பிச் செய்துகொண்டு வரச் சொல்லிவிட்டார்.

மகள் அழுதாள். நான் ஏச வாயெடுத்துவிட்டு நிப்பாட்டினேன். அவள் சொன்ன ஒரு சொல்: “நாங்கள் களவெடுக்கேல்லை அப்பா. ஆனா ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கவே இல்லை.”

பிரான்சில் 2018 ஆம் ஆண்டுச் சட்டப்படி நடுத்தரப் பள்ளி முடியும்வரை பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் கைத்தொலைபேசி பாவிக்க முடியாது. செயற்கை நுண்ணறிவை வகுப்பில் பிள்ளைகள் கையால் பாவிப்பது கத்ரியெம் வகுப்பில் இருந்துதான், அதுவும் ஆசிரியரின் கண்ணுக்கு முன்னால் என்று கல்வியமைச்சு 2025 ஜூனில் வழிகாட்டல் வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் அதைப் பாவிப்பது எங்கே? இரவு, கட்டிலில், தனிய. பக்கத்தில் கூட்டாளியும் இல்லை, ரீச்சரும் இல்லை, தகப்பன் ரெஸ்ரோரண்டில்.

அதுக்குப் பிறகு நான் இதைப்பற்றித் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். இரவு ரயிலில் வீட்டுக்கு வரும் நேரம்தான் என்னுடைய வாசிகசாலை. துருக்கியில் உயர்தரப் பாடசாலை மாணவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேரை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து 2024 இல் வெளியிட்டார்கள். கணிதப் பயிற்சியில் ஒரு பகுதியினருக்குச் சாதாரண சாட்ஜிபிடி மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். பயிற்சியில் அவர்கள் 48 வீதம் கூடச் செய்தார்கள். பிறகு அதை வாங்கி வைத்துவிட்டுச் சோதினை வைத்தால், அதைக் கண்ணாலும் காணாத பிள்ளைகளைவிட 17 வீதம் குறையச் செய்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் சொல்லும்படி அடக்கிவைத்த மெஷின். அவர்களுக்கு இந்தச் சேதம் பெரும்பாலும் வரவில்லை. குசினியில் இது எங்களுக்குப் புதிதில்லை. வெட்டித் தோல் உரித்த மரக்கறியைப் பையில் வாங்குகிற ரெஸ்ரோரண்டில் பழகின பெடியன் பத்து வருடம் வேலை செய்தாலும் கத்தி பிடிக்கத் தெரியாமல் வருவான்.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கினது அதைவிடப் பழைய ஒரு கதை. 1971. அமெரிக்காவில் ரெக்சாஸ் மாநிலத்தில் ஒஸ்ரின் நகரம். வெள்ளை, கறுப்பு, மெக்சிக்கப் பிள்ளைகளை முதன்முதலாக ஒரே வகுப்பில் இருத்தியிருக்கிறார்கள். ஒரே அடிபிடி. எலியட் அரொன்சன் என்ற உளவியல் பேராசிரியரைக் கூப்பிட்டார்கள். அவர் வகுப்பில் போய் இருந்து பார்த்துவிட்டுச் சொன்னது, பிள்ளைகள் எல்லாரும் ரீச்சரின் ஒரு தலையாட்டலுக்காக ஒருவரோடு ஒருவர் போட்டி போடுகிறார்கள் என்பது. அவர் செய்த வேலை மிகச் சின்னது. பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு துண்டு கொடுத்தார். மற்றத் துண்டுகள் வேறு எங்கும் கிடைக்காது. அந்தப் பிள்ளையின் வாயால் கேட்டால்தான் உண்டு. சோதினையோ முழுப் பாடத்திலும் வரும்.

அந்த வகுப்பில் ஆங்கிலம் திக்குகிற ஒரு மெக்சிக்கப் பெடியன் இருந்தான். தொடக்கத்தில் மற்றவர்கள் நக்கல் அடித்தார்கள். பிறகுதான் விளங்கியது, இவனை நக்கல் அடித்தால் இவனுடைய துண்டு தங்களுக்குக் கிடைக்காது என்று. அவன் சொல்ல வாறதைப் பொறுத்துக் கேட்கப் பழகினார்கள், அவன் வாயைத் திறக்கிற மாதிரி நல்ல கேள்வி கேட்கப் பழகினார்கள். இதை வாசித்தபோது ரயில் என்னுடைய ஸ்ரேசனைத் தாண்டிப் போய்விட்டது. பேராதனையில் அந்தப் பெடியன் நான்தானே. குருநாகல் பெடியனுக்கு என்னுடைய கணக்கு தேவைப்பட்டது, அதனால் என்னுடைய ஆங்கிலத்தைப் பொறுத்துக்கொண்டான். பிறகு நண்பன் ஆனோம்.

இப்போது யோசித்துப் பாருங்கோ. அந்த ஒஸ்ரின் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் எல்லாத் துண்டும் தெரிந்த ஒரு மெஷினைக் கொடுத்திருந்தால்? அந்தத் திக்குவாய்ப் பெடியனை யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். நக்கல்கூட அடித்திருக்க மாட்டார்கள். அவன் அங்கே இருப்பதே தெரிந்திருக்காது. பிள்ளைகள் களவாய் எழுதிப்போடுவார்கள் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். என்னுடைய பயம் அது இல்லை. ஒருத்தருக்கு ஒருத்தர் தேவைப்படாமல் போய்விடுவார்கள் என்பதுதான்.

மெஷினை மட்டும் குற்றம் சொல்லவும் ஏலாது. சுகத மித்ரா என்ற பேராசிரியரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1999 இல் டெல்லியில் ஒரு சேரிச் சுவரில் ஓட்டை போட்டுக் கொம்பியூட்டர் வைத்துவிட்டுப் போனவர். அவர் பிறகு தென்னிந்தியாவில் காளிக்குப்பம் என்ற கிராமத்தில் தமிழ் மட்டும் பேசுகிற பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் உயிரியல் தொழில்நுட்பப் பாடம் நிறைந்த கொம்பியூட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் தாங்களே கூடி இருந்து படித்து, பூச்சியத்தில் இருந்து 30 வீதத்துக்கு வந்தார்கள் என்பது அவர் சொல்லும் கணக்கு. பிறகு 22 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியை, கணக்காளர் வேலை பார்ப்பவர், பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று பாட்டி மாதிரி “அட, எப்படிச் செய்தாய், இன்னொருக்கால் காட்டு” என்று வியந்துகொண்டிருக்கச் சொன்னாராம். 50 வீதத்துக்கு ஏறியது. அவருடைய கணக்குகளைக் கேள்வி கேட்கிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது, கொம்பியூட்டர் ஒன்று, பிள்ளைகள் பலர் என்பது. ஜாம் போத்தல் விளக்கும் அப்படித்தான். பாட்டி வேலை எனக்கும் செய்யலாம் போல இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை நாலு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். மகள், மாலி நாட்டுக் குடும்பத்துப் பெடியன் ஒருவன், ஒரு அல்ஜீரியப் பெட்டை, ஒரு பிரெஞ்சுப் பெடியன். மனுசி புட்டும் முட்டைப் பொரியலும் செய்து வைத்தா. சட்டம் இதுதான்: மேசையில் ஒரு கைத்தொலைபேசி, மற்றதெல்லாம் சப்பாத்துத் தட்டில். பாடப் புத்தகத்தின் பக்கங்களைப் படி எடுத்துக் கத்தரிக்கோலால் நாலாக வெட்டினேன். மெஷினுக்குத் தமிழில் எழுதினேன்: நீ இந்தக் குழுவில் ஐந்தாவது பிள்ளை, பிரெஞ்சில் கதை, விடை சொல்லாதே, கேள்வி மட்டும் கேள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை அடுத்த கேள்விக்குப் போகாதே. பத்து நிமிடம் நல்ல பிள்ளையாய்க் கேட்டது. பிறகு பழக்க தோசத்தில் தலைப்புப் போட்டுப் பிரசங்கம் தொடங்கிவிட்டது. நாலு பேரும் ஒரே குரலில் அதை ஏசினார்கள். அதுதான் அவர்கள் அன்றைக்கு முதன்முதல் ஒற்றுமையாகச் செய்த காரியம்.

ஆபிரிக்கப் பகுதி மாலிப் பெடியனுக்கு வந்தது. அவன் தன் துண்டை வாசித்துவிட்டு இருந்தான். பிரெஞ்சுப் பெடியன் கேட்டான், கப்பல் கரையில்தானே நின்றது, கரைக்கு எப்படி வந்தார்கள் என்று. இவன் யோசித்துவிட்டுத் தகப்பனைக் கேட்டுக்கொண்டு வாறேன் என்றான். அடுத்தமுறை வந்து சொன்னான், உள்நாட்டில் இருந்து கரைக்கு நடத்திக்கொண்டு வந்தார்கள், கரையைக் காணமுதலே செத்தவர்கள் கனபேர் என்று. முதல்முறை மெஷின் எழுதிக் கொடுத்ததில் இந்த நடை இல்லை. மெஷினுக்குத் தெரியாமல் இல்லை, கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். கேட்க ஒரு ஆள் வேணுமே.

இருபதுக்குப் பதினைந்து எடுத்தார்கள்.

சரி, பெற்றோர் சந்திப்பு. மண்டபத்தில் செயற்கை நுண்ணறிவைப்பற்றி அரை மணித்தியாலம் பேசினார்கள். நான் குட்டித் தூக்கம் போட்டேன். பிறகு ஆங்கில ரீச்சரின் வகுப்பறை. முழுப் பள்ளிக்கூடத்துக்கும் ஆறு கண்ணாடிகள்தான் இருந்தன. ஒரு ஆளுக்கு ஒன்று வாங்கக் காசில்லை என்று ரீச்சர் மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார். எனக்கு ஜாம் போத்தல் ஞாபகம் வந்தது.

அங்கே விளையாட்டு ஒன்று வைத்திருந்தார்கள். கனடாவில் செய்தது, 2015 இல் வந்தது. ‘கீப் ரோக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்புளோட்ஸ்’ என்று பெயர். கதைத்துக்கொண்டே இருங்கள், ஒருவரும் வெடிக்கமாட்டீர்கள் என்று அர்த்தம். கண்ணாடி போட்டவருக்கு முன்னால் ஒரு குண்டு இருக்கும், அதைச் செயலிழக்கச் செய்யும் விதம் தெரியாது. மற்றவர்களின் கையில் விதிகள் அச்சடித்த தாள் இருக்கும், அவர்களுக்குக் குண்டு தெரியாது. கதைத்துத்தான் தப்ப வேண்டும். வகுப்பில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கதைக்கிறதுக்காக வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு எந்த மொழியும் ஓகே என்றார் ரீச்சர். மகள் என்னைத் தள்ளிவிட்டாள்.

குண்டு என்ற சொல்லை நான் சரியாகக் கவனிக்கவில்லை. போட்டதும் இருட்டு அறை, மேசை, மேசையில் சாம்பல் நிறப் பெட்டி. சிவப்பு இலக்கத்தில் ஐந்து நிமிடம். கிக், கிக் என்று சத்தம். பொம்மைப் படம் மாதிரித்தான் இருந்தது, ஒரு சின்னப் பிள்ளையும் பயப்படாது. எனக்கு வயது 43. முதுகு முழுக்க வியர்த்துவிட்டது.

“அப்பா, எத்தனை வயர் இருக்கு?”

மகளின் குரல் எங்கேயோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருந்தது. நாலு என்றேன். “என்ன நிறம்? மேல இருந்து சொல்லுங்கோ.” சிவப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள். தாள் மாலிப் பெடியனிடம். அவன் பிரெஞ்சில் வாசிக்கிறான், இவள் தமிழுக்குக் கொண்டுவருகிறாள். “பெட்டியில ஒரு நம்பர் எழுதியிருக்கோ? கடைசி இலக்கத்தை ரெண்டால பிரிக்கேலுமோ?” ஒற்றை, இரட்டை என்ற சொல் அவளுக்கு வரவில்லை. ஏலாது என்றேன். “அப்ப கடைசிச் சிவப்பை வெட்டுங்கோ.” வெட்டினேன். பச்சை லைற் எரிந்தது.

அடுத்தது விசித்திரமான குறிகள் நாலு. ஒன்று நட்சத்திரம், ஒன்று தலைகீழ்க் கேள்விக்குறி. ஒன்றை எப்படிச் சொல்லுவது என்று தெரியாமல், “எங்கட பிள்ளையார் சுழி ஆரோ குடிச்சுப்போட்டு எழுதின மாதிரி இருக்கு” என்றேன். அவள் சிரித்தாள். அதைப் பெடியனுக்குக் காற்றில் விரலால் கீறிக் காட்டியிருக்கிறாள். அவன் ‘ஆ!’ என்று கத்திக் கண்டுபிடித்துவிட்டான். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் எழுதின ‘உ’ அன்றைக்கு ஒரு வேலை செய்தது. கடைசியில் ஒரு பெரிய பொத்தான். அழுத்திப் பிடிக்கவேணும், நாலு வரும்போது விடவேணும் என்றாள். மணிக்கூட்டில் நாலு என்ற இலக்கம் தெரியும்போது என்று அர்த்தம். நான் நாலு வரைக்கும் எண்ணினேன். பிழை. திரும்பக் கேட்டு விளங்குவதற்குள் நேரம் முடிந்தது. ஒரு சத்தம், பிறகு கறுப்பு.

கண்ணாடியைக் கழற்றினபோது மாலிப் பெடியன் எனக்கு முன்னால் நின்று, “மன்னிக்கவேணும் மெஸியே, நான் கெதியாய் வாசிக்கவில்லை” என்றான். அவனுடைய முகத்தை நான் மறக்கமாட்டேன். என்னைக் காப்பாற்றாமல் விட்டது தன்னுடைய பிழை என்று ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை கவலைப்படுகிறான்.

கண்ணாடியின் பலன் அது உடம்புக்குள் போவதுதான். கேடும் அதுதான். கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கைடோ மக்ரான்ஸ்கி என்பவரின் குழு 2019 இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. ஒரே ஆய்வுகூடப் பாடத்தைச் சாதாரணத் திரையில் படித்தவர்களையும் கண்ணாடி போட்டுப் படித்தவர்களையும் ஒப்பிட்டார்கள். கண்ணாடி போட்டவர்கள் அங்கேயே நிற்கிற மாதிரி கூட உணர்ந்தார்கள், ஆனால் குறையப் படித்தார்கள். பிரான்சின் சுகாதாரப் பாதுகாப்பு நிறுவனமான அன்செஸ், 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இது வேண்டாம் என்று 2021 இல் சொல்லியிருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். என்றாலும் அந்த ஐந்து நிமிடத்தில் நடந்தது மாதிரி ஒரு கூட்டுக் கற்றலை நான் குப்பிக்குப் பிறகு காணவில்லை என்பதையும் சொல்லத்தான் வேணும். காரணம் கண்ணாடி இல்லை. ஒவ்வொருவரிடமும் ஒன்றை ஒளித்து வைத்ததுதான். அந்த விளையாட்டைச் செய்தவர்கள் அரொன்சனை வாசித்தார்களோ என்னவோ, வேலை ஒன்றுதான்.

வெளிக்கிடும்போது ரீச்சரிடம் மகளை வைத்து ஒன்று சொன்னேன். இந்த வகுப்பில் சண்டை நடந்த நாடுகளில் இருந்து வந்த பிள்ளைகளும் இருப்பார்கள், கண்ணாடி போடமுதல் உள்ளே என்ன இருக்கு என்று சொல்லிவிட்டுக் கேளுங்கோ என்று. ரீச்சர் சிவந்துபோனார். தான் அப்படி யோசிக்கவே இல்லை என்றார். நல்ல மனுசி. அடுத்த கிழமை குண்டுக்குப் பதிலாக வேறு ஒன்று தேடிப்பார்க்கிறேன் என்று மகளின் கொப்பியில் எழுதி அனுப்பியிருந்தார். (இதையும் மெஷின்தான் மொழிபெயர்த்தது. இந்தமுறை பிழையில்லை.)

திரும்பி வரும்போது ட்ராமில் மகள் கேட்டாள்.

“அப்பா, ஏன் உங்கட கை நடுங்கினது?”

நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்தில் பங்கர் இருந்தது, பிளேன் சத்தம் கேட்டால் வரிசையாக ஓடிப்போய் இறங்குவோம், ரீச்சர் கடைசியாய் இறங்குவா என்று சொன்னேன். 1995 இல் எனக்கும் உன்னுடைய வயதுதான் என்றேன். பங்கருக்குள் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். வாய்ப்பாடு சொல்லுவோம் என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. பிறகு பேராதனைக் குப்பியைப் பற்றிச் சொன்னேன். விளக்கின் பெயர் என்று மட்டும் சொன்னேன். மற்றக் குப்பியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஒருநாள் கேட்பாள், அல்லது மெஷினைக் கேட்பாள். என்னைத்தான் முதல் கேட்கவேணும் என்று எனக்கு ஒரு ஆசை.

எங்கட திங்கட்கிழமைக் குப்பி இப்போதும் நடக்கிறது. அல்ஜீரியப் பெட்டை தன் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வருகிறாள், அதனால் புட்டு இன்னும் ஒரு சுண்டு கூட அவிக்கவேணும். ஒரு கைத்தொலைபேசிச் சட்டத்தில் மாற்றம் இல்லை. போனகிழமை மெஷின் ஒரு பின்னக் கணக்கைப் பிழையாய்ச் செய்து, நாலு பேரும் சேர்ந்து அதைப் பிடித்துவிட்டார்கள். அன்றைக்கு அவர்கள் கத்தின கத்துக்குக் கீழ்வீட்டு மனுசி தடியால் முகட்டில் தட்டினா.

வாற கிழமை பைதகரஸ். அது எனக்கு இன்னும் மறக்கவில்லை.